ஒரு கீபோர்டில் இரண்டு தவளைகள்

கிளெமென்ற் அண்ணா யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார். இதை ஒரு நற்குணம் என்று நினைத்து நான் எழுதவில்லை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அந்தக் குணத்தால் வரும் கரைச்சல் எல்லாம் கடைசியில் படியேறி என்னிடம்தான் வரும்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்த சாமான்களை வெளியே எடுப்பதற்கான பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கவுண்டர் கவுண்டராக நடக்க வேண்டும். வார்ஃப் கிளார்க் என்பார்கள். ஒருமுறை ஒரு வியாபாரி தன் பெட்டியின் நிறையைத் தானே பிழையாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டி பிந்தியதற்கு அண்ணாவை நாலு பேர் முன்னால் வைத்து ஏசினார். அண்ணா முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு "சரி சேர்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். இதை எனக்குச் சொன்னதும் அவரில்லை, அவரோடு வேலை செய்யும் கொன்ஸ்ரன்ரைன்.

"ஏன் அண்ணா, பிழை அந்தாளில எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பேப்பரில இருக்குத்தானே," என்றார்.

அவருடைய கட்சி அதுதான். பேப்பரில் இருப்பதை வாயால் வேறு சொல்ல வேண்டுமா என்பார். அவருக்குப் பேசிய கல்யாணமும் இப்படித்தான் தவறியது. இவர் குடிகாரர் என்று பெண் வீட்டாரிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். கிளெமென்ற் அண்ணா சோடாவையே பயந்து பயந்து குடிக்கிற ஆள். அதை மறுத்துச் சொன்னாரா என்றால், "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லயே" என்கிறார். அந்தப் பெண் இப்போது பாமன்கடையில் குடும்பமாக இருக்கிறாள். கணவர் நன்றாகக் குடிப்பாராம்.

வீடு அவருடைய அப்பா கட்டியது. நடுவில் ஒரு பிளைவூட் தட்டி. தட்டிக்கு முன்பக்கம் கிளெமென்ற் அண்ணா, பின்பக்கம் அவருடைய அக்கா ஐறீன். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருப்பவை மூன்று: கேற், தண்ணீர்ப் பைப், நான்.

அக்காவுக்கும் தம்பிக்கும் கதை பேச்சு இல்லை. கதை இல்லை என்றால் சத்தமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஐறீன் அக்கா முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "சிலபேருக்குப் பைப்பைப் பூட்டத் தெரியாது" என்பா. கிளெமென்ற் அண்ணா தட்டியைப் பார்த்து, "தண்ணி வந்திருக்கு" என்பார். தட்டி பதில் சொல்லாது, ஆனால் சற்று நேரத்தில் பின்பக்கத்தில் வாளி வைக்கும் சத்தம் கேட்கும். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது, தொண்டை இருந்தது, ஒரே பெற்றோர் கற்றுக்கொடுத்த தமிழும் இருந்தது. எனக்கு எரிச்சல் வந்த நாட்களில் அந்தத் தட்டியைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றுகூட யோசித்திருக்கிறேன். வாடகை உடன்படிக்கையில் அதற்கு இடமில்லை.

பிரச்சினை ஒரு மரண அறிவித்தலில் தொடங்கியது. நம்மவர்கள் பேப்பரில் மரண அறிவித்தலை எப்படி வாசிப்பார்கள் என்பது தெரிந்ததுதான். செத்தவர் யார் என்பதை விரைவாகப் பார்த்துவிட்டு, யார் யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை என்பதை ஆறுதலாக வாசிப்பார்கள். அப்பா செத்தபோது அறிவித்தலைக் கொடுத்தவர் கிளெமென்ற் அண்ணா. அடுத்த நாள் காலையில் செத்தவீட்டுக்குப் பேப்பர் வந்தது. அறிவித்தலில் மகன் இருந்தார், மகள் இருந்தா, பேத்தி இருந்தாள், தூரத்துச் சொந்தங்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரே மருமகனான அல்போன்ஸ், ஐறீன் அக்காவின் கணவர், இல்லை. படுக்கையில் கிடந்த மாமனாரைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டியவர் அவர்தான். அவர் பேப்பரை வாசித்துவிட்டு, "பரவாயில்ல" என்று மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தாராம். ஐறீன் அக்காவுக்குப் பரவாயில்லாமல் இருக்கவில்லை.

கிளெமென்ற் அண்ணா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை.

சில வருடங்களில் அல்போன்ஸும் மாரடைப்பில் போய்விட்டார். அந்த அறிவித்தலை ஐறீன் அக்கா கொடுத்தா. நீர்கொழும்பில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், கனடாவில் இருக்கும் அவர்களுடைய மாப்பிள்ளைமார், பழைய அயலவர் ஒருவர், எல்லாரும் அதில் இருந்தார்கள். மைத்துனர் என்ற இடத்தில் கிளெமென்ற் இல்லை. அண்ணா அதை வாசித்தார், சவப்பெட்டி தூக்கினார், மாதம்பிட்டி மயானம்வரை நடந்தார், வீட்டுக்கு வந்து குளித்தார். தட்டி அடுத்த மாதம் வந்தது.

இந்த வருடம் அந்தோனியார் திருநாளுக்கு முன்னர் ஐறீன் அக்காவுக்கு விசா கிடைத்தது. மகள் அவுஸ்திரேலியாவில், பேர்த்தில் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. அக்கா ஒரேயடியாகப் போகிறா. திருநாள் முடிந்த கிழமை பயணம். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து கிளெமென்ற் அண்ணா ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஒன்றும் ஆகாத கேற்றைக் கழற்றித் திரும்ப மாட்டினார். பைப்புக்குப் புது வாஷர் போட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த உடுப்போடு படியேறி வந்தார்.

"சுபோ, உனக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே?"

எனக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் ஹெல்ப் டெஸ்க் வேலை. கிழமையில் ஐந்து நாட்களும் படித்த மனிதர்களிடம் தொலைபேசியில் "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். லீவு நாளில் யாராவது கொம்பியூட்டர் என்ற சொல்லை எடுத்தாலே எனக்குத் தலையிடி வரும்.

"என்ன அண்ணா, திறக்குதில்லையா?"

"திறக்குது. ஒரு கேம் வேலை செய்யுதில்ல."

ஐம்பதைத் தாண்டிய மனிதர். கேம் என்கிறார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

விஷயம் இதுதான். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒரு கப்பல்காரனிடம் ரீவி கேம் ஒன்று வாங்கிவந்திருக்கிறார். அதோடு ஒரே ஒரு கசெற். அதன் மேலே எழுதியிருந்தது ஜப்பான் எழுத்து, ஒருவருக்கும் விளங்காது. உள்ளே ஒரு சிவப்புத் தவளையும் ஒரு பச்சைத் தவளையும் கோபுரத்தில் ஏறும். அதனால் வீட்டில் அதற்குப் பெயர் 'தவளை'. சிவப்பு அக்கா, பச்சை தம்பி. அந்த மெஷின் செத்துப் பல காலம். இப்போது வேலைத்தளத்தில் யாரோ அந்த கேமையும், அதை விண்டோஸில் ஓட்டுவதற்கான எமுலேட்டரையும் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். எமுலேட்டர் என்பது பழைய மெஷின்போல நடிக்கிற ஒரு மென்பொருள். நடிப்பு எப்போதும் நன்றாக வரும் என்று சொல்வதற்கில்லை.

முதலில், அந்த மென்பொருளே அங்கே இல்லை. விண்டோஸ் அதை வைரஸ் என்று நினைத்துச் சிறை வைத்திருந்தது. சோதித்துப் பார்த்து, அனுமதி கொடுத்து, வெளியே எடுத்தேன். திறந்தால் பாட்டுக் கேட்டது, படம் இல்லை, திரை முழுக்கக் கறுப்பு. செற்றிங்கில் போய்ப் படம் காட்டும் முறையை மாற்றினேன். தவளைகள் தெரிந்தன, ஆனால் புகையிரதத்தைத் தவறவிடப்போகிறவர்கள் மாதிரி ஓடின. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியில் சரி போட்டேன். நடந்தன. சத்தம் மட்டும் எண்ணெயில் வடகம் பொரிவதுபோல வந்தது. அதைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது, முழுதாக நிறுத்த முடியவில்லை. அண்ணா புறக்கோட்டையில் இரண்டு ஜோய்ஸ்ரிக் வாங்கி வைத்திருந்தார். ஒன்று வேலையே செய்யவில்லை. மற்றதைச் செருகினால் தவளை எங்கே விட்டாலும் இடது பக்கமே போனது. இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பேருக்கும் ஒரே கீபோர்டில் இடம் பிரித்துக் கொடுத்தேன். அம்புக்குறிகள் சிவப்புக்கு, இடது பக்க எழுத்துகள் பச்சைக்கு.

"இப்ப ஏன் அண்ணா இது?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் விளையாடுற கேம்."

"அது தெரியுது. ஆரோட விளையாடப் போறீங்க?"

அவர் தட்டியைப் பார்த்தார். வழக்கமாகத் தண்ணீர் வந்திருக்கு என்று சொல்லும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அக்கா பிளேனில் ஏறுமுன் ஒரு தடவையாவது தம்பியோடு நேரே கதைக்க வேண்டும். அவ்வளவுதான் இந்த மனிதருக்கு வேண்டியது. அதற்குப் போய்த் தட்டியில் தட்டி "அக்கா" என்று கூப்பிடத் தெரியாமல், கேற்றைக் கழற்றி, வாஷர் மாற்றி, கடைசியில் ஜப்பான் தவளையிடம் வந்து நிற்கிறார். கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. பாவம்தான் கூடுதலாக இருந்தது.

கேமின் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோபுர உச்சியில் ஒரு மணி. சிவப்புத் தவளை கயிற்றைப் பிடித்துத் தொங்க வேண்டும், பச்சை அதன் முதுகில் குதித்து மணியை அடிக்க வேண்டும். பிந்தினால் சிவப்பின் பிடி விட்டுப்போகும், இரண்டும் கீழே விழும். சின்ன வயதில், பிடித்துக்கொண்டு "இப்ப!" என்று கத்துவது அக்காவின் வேலை. கத்தாமல் அந்த மணியை ஒருநாளும் அடித்ததில்லையாம். அண்ணா நம்பியிருந்தது அந்த ஒரு சொல்லை.

அக்காவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வடகம் பொரியும் பாட்டு தட்டிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. சிவப்புத் தவளையை நான் விளையாடினேன், விளையாடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. கோபுரத்தின் மூன்றாம் தட்டில், கல்லுக்குக் கல் தாவ வேண்டிய இடத்தில், திரும்பத் திரும்பத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தேன். பின்பக்கம் உலைமூடி வைக்கும் சத்தம் நின்றது.

"சிலபேருக்கு அந்த நடுக்கல்லில நிண்டு குதிக்க வேணுமெண்டு தெரியாது," என்றது தட்டி.

நடுக்கல்லில் நின்று குதித்தேன். திரும்பவும் விழுந்தேன்.

ஐறீன் அக்கா முற்றத்தைச் சுற்றி, முன்வாசலால் வந்தா. கையில் ஒரு பூட்டு. "சுபோ, இந்தப் பூட்டு உங்கட மேல் கதவுக்குச் சரிவருமோ எண்டு பாருங்கோ" என்றா. என் கதவில் நல்ல பூட்டு ஒன்று இருப்பது அவவுக்குத் தெரியும், அதை வாங்கித் தந்ததே அவதான். நான் எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். அக்கா பூட்டை மேசையில் வைத்துவிட்டு இருந்தா, அம்புக்குறிகளில் கையை வைத்தா. தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பியும் திரையைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை.

ஏறினார்கள். எனக்கு வாய் திறந்தபடி இருந்தது. எந்தக் கல் உடையும், எந்தப் பறவை எப்போது வரும் எல்லாம் இரண்டு பேருக்கும் விரலில் இருந்தது. ஒன்று நிற்கும்போது மற்றது போனது. ஒரு சொல் இல்லை. முழங்கை முழங்கையில் பட்டபோதுகூட இல்லை. அப்படியே உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

சிவப்புத் தவளை கயிற்றைப் பிடித்தது. அக்கா இரண்டு அம்புக்குறிகளை ஒன்றாக அமத்திப் பிடித்திருந்தா. இந்த இடத்தில் "இப்ப" வர வேண்டும். அக்கா வாயைத் திறக்கவில்லை. மற்றக் கையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினா.

பச்சைத் தவளை நின்ற இடத்திலேயே நின்றது. சிவப்பின் பிடி விட்டது. இரண்டும் கீழே போயின.

திரும்ப ஏறினார்கள். அக்கா பிடித்தா, மேசையில் தட்டினா. பச்சை அசையவில்லை. விழுந்தார்கள். மூன்றாவது முறையும் அதேதான்.

அக்கா கையை எடுத்தா. பூட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினா. திரையைப் பார்த்துத்தான் சொன்னா.

"சிலபேர் எப்பவும் இப்பிடித்தான். மற்றவன் உயிரைக் குடுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, செய்ய வேண்டியதச் செய்யாயினம்."

கேமைப் பற்றிய பேச்சு இல்லை இது. எனக்கே விளங்கியது, அண்ணாவுக்கு விளங்காமல் இருக்குமா. அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அக்கா வாசலை நோக்கி நடந்தா. இன்னும் நாலு அடி போனால் முற்றம், பிறகு தட்டி, பிறகு பேர்த்.

எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணாவின் விரலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா தட்டிய அதே நேரம் அமத்தினார். பட்டன் உள்ளே போனதையே பார்த்தேன்.

"அக்கா, நில்லுங்கோ," என்றேன். "அவர் அமத்தினவர்."

"அமத்தினா ஏன் குதிக்கேல்ல?"

"அதைத்தான் பாக்கப் போறன். வந்து இருங்கோ."

நான் வேலைத்தளத்தில் பேசுகிற குரலில் பேசியிருக்க வேண்டும். வந்து, பூட்டைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு இருந்தா. கேமை மூடினேன். நோட்பாடைத் திறந்தேன், வெறும் வெள்ளைப் பக்கம்.

"அண்ணா, உங்கட குதிக்கிற பட்டனை அமத்துங்கோ."

அமத்தினார். பக்கத்தில் q என்ற எழுத்து விழுந்தது. திரும்ப அமத்தினார், திரும்ப விழுந்தது.

"அக்கா, நீங்க கயிறு பிடிக்கிற ரெண்டையும் பிடியுங்கோ. விடாதேங்கோ. அண்ணா, இப்ப அமத்துங்கோ."

அமத்தினார். ஒன்றும் விழவில்லை. பலமாக அமத்தினார். விரல் நுனி வெளுத்தது. பக்கம் வெறுமையாகவே இருந்தது.

"அக்கா, விடுங்கோ."

அக்கா விட்டா. அண்ணா அமத்தினார். q விழுந்தது.

"விலை குறைஞ்ச கீபோர்டுகளில இப்பிடி வரும்," என்றேன். "உள்ளுக்கு வயர் எல்லாத்தையும் சேத்துச் சேத்துத்தான் விட்டிருப்பாங்கள். சில பட்டன் ரெண்டைப் பிடிச்சுக்கொண்டு மூண்டாவதை அமத்தினா, அந்த மூண்டாவது கொம்பியூட்டருக்குப் போய்ச் சேராது. அமத்தினவர் அமத்தினவர்தான். அங்கால விழேல்ல, அவ்வளவுதான்."

அக்கா திரும்பவும் இரண்டு பட்டன்களையும் பிடித்தா. என்னைப் பார்க்காமல், தலையை மட்டும் தம்பிப் பக்கம் அசைத்தா. அண்ணா அமத்தினார். விழவில்லை. அக்கா விட்டா, விழுந்தது. இதை எத்தனை முறை செய்தார்கள் என்று நான் எண்ணவில்லை. பக்கத்தில் ஒரு வரி q நிறைந்தது.

பிறகு ஐறீன் அக்கா தட்டியையும் வானத்தையும் என்னையும் விட்டுவிட்டு, தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டா.

"நீ அவற்ற பேரைக் குடுத்தனியா?"

யார் பெயர், எதில், என்று ஒருவரும் கேட்கவில்லை.

"போனில வாசிச்சனான்," என்றார் கிளெமென்ற் அண்ணா. "பேப்பர் மூடப்போற நேரம். அத்தான்ட பேரை ரெண்டு தரம் சொன்னனான். திரும்ப வாசிச்சுக் காட்டச் சொல்லி நான் கேக்கேல்ல."

"பிறகேன்ரா சொல்லேல்ல?"

"பேப்பரில வந்திட்டுதுதானே. வாயால சொன்னா ஆர் நம்புறது? நீ நம்பியிருப்பியா?"

அக்கா யோசித்தா. உண்மையாகவே யோசித்தா, அது முகத்தில் தெரிந்தது.

"இல்ல," என்றா.

வடகம் பொரிவது நின்றிருந்தது. வீதியில் ஒரு த்ரீவீலர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அக்கா மேசையில் இருந்த பூட்டைத் திறந்தா, பூட்டினா.

"உன்ட பேர் தானாத் தவறினதில்ல," என்றா. "அவற்ற நோட்டீஸில. நான் வேணுமெண்டுதான் விட்டனான்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ பெட்டி தூக்கினனீ?"

"அவர் என்ட அத்தான்தானே," என்றார்.

அக்கா அழுதா. சத்தம் போட்டுத்தான் அழுதா. நான் மேலே போனேன். நாகரிகம் தெரிந்து போனேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் என்னுடைய கீபோர்டை எடுத்துவரப் போனேன். இரண்டு கீபோர்டுகளைச் செருகினால் விண்டோஸுக்கு ஆட்சேபம் இல்லை, ஆளுக்கொன்று பிடித்தால் ஒருவருடையது மற்றவருடையதை மறைக்காது. படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் இறங்கினேன். என் கண்ணையும் துடைக்க வேண்டியிருந்தது.

நான் வந்தபோது அக்கா முகம் கழுவியிருந்தா. கீபோர்டைச் செருகிக் கொடுத்தேன். இரண்டு பேரும் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் தட்டிலிருந்து ஏறினார்கள். இந்த முறை வாய் ஓயவில்லை. "பறவை, பறவை", "நில்லு", "உனக்கு எப்பவும் அவசரம்". நடுக்கல்லில் பச்சை ஒருதரம் விழுந்தது. வாங்கிய ஏச்சை அண்ணா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, ஒருவரும் கேட்காமலே அவர் காரணம் சொல்லி நான் முதல்முறையாகக் கேட்டேன்: கை வியர்த்துப் போச்சாம்.

உச்சிக்கு வந்தார்கள். சிவப்பு கயிற்றைப் பிடித்தது.

"இப்ப!" என்று கத்தினா ஐறீன் அக்கா. பின்வளவு நாய் எழும்பிக் குரைத்தது.

பச்சை குதித்தது. மணி அடித்தது. திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வந்தது, இன்றைக்கும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தா.

"நான் அங்க கண்ணை மூடினா, நோட்டீஸ் இங்க நீதான் குடுக்க வேணும்," என்றா. "போனில குடுக்காத. நேர போ. திரும்ப வாசிச்சுக் காட்டச் சொல்லு. அவற்ற பேரும் இருக்குதோ, உன்ட பேரும் இருக்குதோ எண்டு பாத்திட்டு வா."

"ஓம் அக்கா," என்றார் கிளெமென்ற் அண்ணா. "நேர போறன்."